கேபிள் அறுந்த நாளிலும் ஓடுவது எது? குன்னூர் மலைக் கல்லூரி ஒன்றின் வளாக வைஃபை

குன்னூருக்குச் சற்று மேலே, தேயிலைச் சரிவில் இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரி. பெயர் வேண்டாம். மலையில் கல்லூரி நடத்துகிற யாருக்கும் இது பழகிய படம்தான்.

மாணவர்கள் ஏறத்தாழ 1,100 பேர், அதில் ஹாஸ்டலில் 240. வைஃபை பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்ட் 26, அவற்றுக்கு நெட்டையும் கரண்டையும் ஒரே கேபிளில் அனுப்பும் பிஓஇ ஸ்விட்ச் மூன்று. 300 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்று, பேக்கப்புக்கு வேறொரு நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் லைன். மாட்டிக் கொடுத்ததும் பராமரிப்பதும் ஒரே ஒப்பந்ததாரர். ஹாஸ்டல் மாணவருக்கு செமஸ்டருக்கு 600 ரூபாய், டே ஸ்காலருக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்று. வளாகத்துக்குள்ளேயே ஓடுகிற பகுதிக்கு மட்டும் என்றால் நாலரை தரலாம். வெளியே போகிற லைனுக்கு இரண்டு. லாகின் பக்கத்துக்கு ஒன்று கொடுப்பதே தாராளம்.

நாலரை வாங்கிய பகுதி கம்ப்யூட்டர் லேபின் மூலையில் இருக்கிறது: 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதில் மூடுல் என்ற பாட மென்பொருள். பாடக் குறிப்பு, அசைன்மெண்ட், இன்டர்னல் குவிஸ், பழைய வினாத்தாள் எல்லாம் அதில்தான். வளாகத்தில் எந்த வைஃபையில் இருந்தாலும் திறக்கும், வெளி லைன் தேவையில்லை. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்களையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே இறக்கி இதில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். 480பி தரத்தில் 40 நிமிடப் பாடம் ஒன்று சுமார் 180 எம்பி. அறுபது பேர் உள்ள வகுப்பு முழுக்க அதை இறக்கினால் 10.8 ஜிபி. 300 எம்பிபிஎஸ் லைனை அந்த ஒரு வகுப்புக்கே முழுசாக ஒதுக்கினாலும் ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடமும் ஆபீஸில் மாணவர் விவரம் ஏற்றும் யுஎம்ஐஎஸ் பதிவு நிற்கும், நான் முதல்வன் வகுப்பு நிற்கும், பக்கத்து வகுப்பின் ஸ்வயம் தேர்வுப் பதிவு நிற்கும். அதே வீடியோ லேப் சர்வரில் இருந்தால் வெளி லைனில் ஒரு துளி கூடச் செலவாகாது. 500 பாடத்துக்கு 90 ஜிபிதான் ஆகிறது. எஸ்எஸ்டியில் பத்தில் ஒரு பங்கு கூட நிரம்பாது.

ஒரே குறை, அதே டெஸ்க்டாப்பில் இன்னொரு டிஸ்க் இல்லை. பேக்கப் எடுப்பது மாதம் ஒருமுறை, பென் டிரைவில். இன்டர்னல் மார்க் இருக்கிற இயந்திரத்துக்கு இது போதாது. 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டை வாங்கி, இரவு 2 மணிக்குத் தானாகக் காப்பி எடுக்க வைத்து, வாரம் ஒருமுறை ஒன்றைக் கழற்றி வேறு கட்டடத்தில் பூட்டி மற்றதை மாட்டினால் முடிந்தது.

இனி கற்சுவர். ஊட்டியில் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் காலத்திலிருந்தே, மலையில் பழைய கட்டடம் என்றால் கல்லும் சுண்ணாம்பும்தான். இந்தக் கல்லூரியின் பழைய பிளாக்கிலும் சுவர் இரண்டு அடி கனம். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதில் மோதினால் அநேகமாக அங்கேயே முடிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தட்டுத் தடுமாறி ஒரு சுவரைக் கடக்கும், இரண்டாவதைக் கடக்காது.

ஒப்பந்ததாரர் செய்த முதல் தவறு, ஆக்சஸ் பாயிண்டுகளைக் காரிடாரில் வரிசையாக மாட்டியது. பார்க்க அழகு, கேபிளும் மிச்சம். ஆனால் போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைத் திறந்தபடி நடந்தால் கதை தெரியும்: காரிடாரில் மைனஸ் 48 டிபிஎம், வகுப்புக்குள் கதவைச் சாத்தினால் மைனஸ் 74 (டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலியும்). வீடியோ கால் தடையில்லாமல் போக மைனஸ் 67 வேண்டும். மைனஸ் 80ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே சிரமம். போதாததற்குக் காரிடாரில் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் ஆறு பாயிண்டுகளும் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடுகின்றன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. இங்கே ‘ஆட்டோ’ என்று விட்டு, 40 மெகாஹெர்ட்ஸ் அகலமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த அகலத்தில் ஒரு பாயிண்டே 2.4இன் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். 2.4ஐ 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து 1, 6, 11 என்று மாற்றி மாற்றிக் கையால் கொடுக்க வேண்டும். காரிடாரில் இருக்கும் பாயிண்டுகளில் பாதியைக் கழற்றி, இரண்டு வகுப்புக்கு ஒன்று என்று உள்ளே மாட்ட வேண்டும். கற்சுவரில் துளை போட வேண்டியதில்லை. கதவு நிலைக்கு மேலே உள்ள வென்டிலேட்டர் வழியாகக் கேபிள் போகும். புதிய ஹாஸ்டல் பிளாக் ஹாலோ பிளாக் கட்டடம், அங்கே இந்தத் தொல்லையே இல்லை. அறைக்குள் மைனஸ் 58 வரை கிடைக்கிறது.

இந்த இடத்தில் மலை முழுக்கச் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தைத் தொட்டுவிட வேண்டும்: “மிஸ்ட் இறங்கினா சிக்னல் போயிடும்.” போகாது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் பனிமூட்டம் தின்பது கணக்கில் வராத அளவு. மழையே கூட 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் பெரிதாகப் படுத்தும். மிஸ்ட் நாளில் நெட் மோசமாவது உண்மை, காரணம் வேறு. ஒன்று, எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். இரண்டு, மெஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலை 5 கிகாஹெர்ட்ஸை உண்மையாகவே மறைக்கிறது. மூன்றாவது, வெளியே மாட்டிய பெட்டிக்குள் கோக்கும் ஈரம்.

அந்தப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்ப்பது நல்ல பாடம். ஹாஸ்டலின் பின்சுவரில் இருப்பதில் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். நெட் கேபிளின் ஆர்ஜே 45 முனையின் எட்டுப் பின்னில் மூன்று, பழைய செம்புக் குடத்தின் அடி போலப் பச்சை பூத்திருக்கிறது. நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் எப்போதோ இளஞ்சிவப்பாகிவிட்டது, அதாவது இனி ஒரு சொட்டு ஈரம் கூட உறிஞ்சாது. இந்த நிலையில் லிங்க் ஒரேயடியாகச் செத்துவிடாது. 1 கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கி, விட்டு விட்டு வரும். ஸ்விட்சில் விளக்கு எரிகிறதே என்று யாரும் பெட்டிப் பக்கம் போக மாட்டார்கள்.

கேபிள் மேலிருந்து நேராக உள்ளே இறங்குவதுதான் அடிப்படைத் தவறு. தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். பெட்டியைத் தாண்டி ஒரு சாண் கீழே இறக்கி, தொட்டில் போல வளைத்து, அடிப்பக்கத் துளை வழியாக மேலே ஏற்ற வேண்டும். நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். துளையில் ரப்பர் கிளாண்ட், உள்ளே புது சிலிக்கா ஜெல், ஜூன் தொடக்கத்தில் ஒன்றும் அக்டோபர் தொடக்கத்தில் ஒன்றுமாக வருடம் இரண்டு சோதனை. செலவு பெட்டிக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய்.

டே ஸ்காலர்கள் பக்கம் வேறு கோளாறு. மஞ்சூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகள் என்று ஊரில் டவர் சரியாக எட்டாத இடத்திலிருந்து வருகிறவர்கள் பலர். கல்லூரி வைஃபைதான் அவர்களுக்கு உண்மையான நெட். மூன்றே காலுக்கு வகுப்பு முடிந்து நாலரை பஸ் வருவதற்குள் அடுத்த நாளுக்கு வேண்டியதெல்லாம் போனில் இறங்கியாக வேண்டும். ஹால் டிக்கெட்டுக்கும் ரிசல்ட்டுக்கும் பஜாரில் ப்ரௌசிங் சென்டர் வாசலில் நின்ற காலம் போய், எல்லாம் கேட் பக்கத்துக் கல் பெஞ்சில் நடக்கிறது. சமதளத்துக் கல்லூரிகளில் நெட் நெரிசல் என்றால் இரவு ஒன்பது மணி ஹாஸ்டல். இங்கே உச்சம் பிற்பகல், அதுவும் வளாகத்தின் ஒரே மூலையில்.

அந்த மூலைக்கு இருப்பது ஒரே ஆக்சஸ் பாயிண்ட். அதில் ஒரே சமயம் 90 போன் தொங்குகிறது. இந்த ரகப் பாயிண்ட் நிஜ வேலைக்கு 30, 40 போனைத் தாங்கும். தூரத்தில் நிற்கும் ஒரு போன் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசினால், பக்கத்தில் நிற்பவர் வேகமாக முடிக்க வேண்டிய வேலையும் அதன் பின்னால் காத்திருக்கும்; காற்று எல்லாருக்கும் பொது. இரண்டு பாயிண்ட் கூடுதலாக மாட்டி, 5 கிகாஹெர்ட்ஸில் வெவ்வேறு சேனல் கொடுத்து, பவரைக் குறைத்து, 1, 2, 5.5, 11 என்ற பழைய வேகங்களை அணைத்தால் இந்தப் பெஞ்சு பிழைக்கும்.

அதைவிட வேடிக்கை, நெட்டில் சேரும் ஒவ்வொரு போனுக்கும் தர வேண்டிய எண்ணான ஐபி முகவரி விவகாரம். டே ஸ்காலர் வைஃபைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு ஸ்லாஷ் 24, அதாவது வெளி நெட்டுக்கு வாசலாக நிற்கும் ரௌட்டரான கேட்வே போக 253 முகவரி. ஒரு போனிடம் ஒரு முகவரி இருக்கும் லீஸ் நேரம் 24 மணி. காலையில் முதலில் வந்து சேரும் 253 போன் நாள் முழுக்க முகவரியை வைத்துக்கொள்ளும், பையில் தூங்கினாலும் சரி, மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாலும் சரி. பத்து மணி பஸ்ஸில் வருகிறவருக்கு ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் அதே நோய்தான். “அண்ணா, ஐபி கிடைக்கல” என்று லேப் அசிஸ்டெண்டிடம் தினம் நாலு பேர் வருகிறார்கள். அவரும் ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறார். கொஞ்ச நேரம் சரியாகும், பிறகு இரண்டு போனுக்கு ஒரே முகவரி போய்ச் சண்டை வரும். ஸ்லாஷ் 22 ஆக்கினால் கேட்வே போக 1,021 முகவரி. லீஸை 2 மணி நேரமாக்க வேண்டும். ஒரு பைசா செலவில்லை, ஐந்து நிமிட வேலை. இதை இதுவரை செய்யாததற்கு ஒப்பந்ததாரரிடம் என்ன காரணம் இருக்க முடியும் என்று புரியவில்லை.

லாகின் பக்கத்துக்கு வருவோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளும். ஆன்லைன் தேர்வின் நடுவில் தள்ளினாலும் கேட்பாரில்லை. பூட்டுப் போட்ட ஹெச்டிடிபிஎஸ் தளம் எதையும் முதலில் திறந்தால் லாகின் பக்கம் வராது, வெறும் எச்சரிக்கைதான் வரும். இங்கே படிக்கிறவர்கள் செய்ய வேண்டியது: ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸை அணையுங்கள். அது ஆனில் இருந்தால் பக்கம் வராமல் போகலாம். பிறகு வைஃபை பெயரைத் தொட்டு, ‘நெட்வொர்க்கில் உள்நுழைக’ என்று வரும் அறிவிப்பையே அழுத்துங்கள். இந்த நெட்டுக்கு மட்டும் ரேண்டம் மேக் முகவரியை (போன் தன்னை அடையாளம் காட்டும் எண்ணை மாற்றிச் சொல்லும் வசதி) நிறுத்தி, போனின் சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு சாதனம் என்ற வரம்பு இருப்பதால், முகவரி மாறினால் போர்ட்டல் உங்கள் போனையே மூன்றாவது போன் என்று கணக்கெழுதும்.

இதற்கெல்லாம் மாற்று புதிதல்ல. 802.1எக்ஸ் முறையில் ஆளுக்கொரு யூசர் நேம், பாஸ்வேர்ட்; ஒருமுறை போட்டால் போன் தானாக இணையும். கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபையும் இதே முறைதான். இந்தியாவில் அதைக் கல்வி, ஆய்வு நெட்வொர்க் அமைப்பான எர்நெட் நடத்துகிறது. சேர்ந்த கல்லூரியின் மாணவர் கோவையிலோ சென்னையிலோ எடுரோம் உள்ள வளாகத்துக்குப் போனாலும் அதே லாகினில் நெட் வரும். கருத்தரங்குக்கும் புராஜெக்டுக்கும் கீழே இறங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. நூலகத்துக்கு மட்டும் ஒரு தகவல்: மின்னூலும் ஆய்விதழும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் கல்லூரி உறுப்பினராக இருந்தால் அந்த லாகின் வீட்டிலிருந்தும் திறக்கும், வளாக வைஃபைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வெளி லைனுக்கு ஏன் இரண்டு மார்க்? 300 எம்பிபிஎஸ் வேகம் பொய்யில்லை, காலை ஏழு மணிக்குச் சோதித்தால் 290 காட்டுகிறது. சிக்கல் பாதையில். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார், பர்லியார் வழியாக ஏறும் சாலை ஓரம்தான் முதல் நிறுவனத்தின் ஃபைபர். பேக்கப் லைனும் அதே சாலை ஓரம்தான்! மண் சரிந்தாலும், சாலை வேலைக்கு ஜேசிபி வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதால் மட்டும் இரண்டு லைன் ஆகிவிடாது. 2009 நவம்பரில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்களுக்கும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பேக்கப் என்றால் கோத்தகிரிச் சாலை வழியாக வருகிற லைனைக் கேட்டு வாங்க வேண்டும், ஒப்பந்தத்தில் பாதையை எழுதி வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் டவரில் ஓடும் 4ஜி ரௌட்டர் ஒன்று. ஆனால் அந்த டவருக்கு வரும் ஃபைபரும் எந்தச் சாலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லைன் போய்விட்டதா, வைஃபைதான் நெரிகிறதா என்று பிரித்தறியாமல் போன் போட்டால் ஒப்பந்ததாரர் ‘லைன் ப்ராப்ளம்’ என்பார், லைன்காரர் ‘உங்க வைஃபை’ என்பார். வழி எளிது. முதலில் கேட்வே முகவரிக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு. கேட்வே 10 மில்லிசெகண்டுக்குள் பதில் தந்து வெளியே பதில் இல்லை என்றால் லைன். கேட்வேயே 200, 300 என்று இழுத்தால் காற்றில் நெரிசல், லைன் மேல் குற்றமில்லை. லைன்தான் என்று தெரிந்தால் ஃபைபர் வந்து சேரும் பெட்டியான ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா என்று பாருங்கள்; சிவப்பு என்றால் ஒளியே வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது. சிவப்பில்லாமல் வேகம் மட்டும் குறைந்தால் ஓஎன்டியின் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அளவைப் பாருங்கள். மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஏற்பு. ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டும்போதும் ஜாயிண்ட் கூடும். ஸ்ப்ளைசிங் மெஷினில் உருக்கி ஒட்டினால் இழப்பு 0.1 டெசிபல் கூட வராது, அவசரத்துக்குக் கையால் சேர்த்தால் ஒரு டெசிபலே போகலாம். மைனஸ் 19இல் இருந்தது ஒரு மழைக்காலம் முடியும்போது மைனஸ் 25 ஆகியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று மோசமான ஜாயிண்டில் லைன் நின்றுவிடலாம். மாதம் ஒருமுறை அந்த எண்ணைக் குறித்து வைத்தால் முன்கூட்டியே சண்டை போடலாம்.

கரண்ட். ஜூலைக் காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சர்வர் இருக்கும் லேபில் யுபிஎஸ் இருக்கிறது, மாடி ஸ்விட்சுகளுக்கு இல்லை. கரண்ட் போனதும் சர்வர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும், அதை எட்டத்தான் வழி இருக்காது. பத்து ஆக்சஸ் பாயிண்ட் தலா 12 வாட், ஸ்விட்சுக்கு 25 வாட், ஆக 145 வாட். 7 ஏஹெச் பேட்டரி இரண்டு வைத்த 1 கேவிஏ யுபிஎஸ் முக்கால் மணி நேரம் கூடத் தாங்காது. குளிரில் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் சோம்பும். 150 ஏஹெச் ட்யூபுலர் ஒன்றும் இன்வெர்ட்டர் ஒன்றும் வைத்தால் ஏழெட்டு மணி நேரம் ஓடும். சர்வரும் ஸ்விட்சும் பாயிண்டும் உயிரோடிருந்தால், வெளி லைன் அறுந்த நாளிலும் மூடுல் திறக்கும், குவிஸ் நடக்கும், அசைன்மெண்ட் ஏறும்.

பழைய பிளாக்கிலிருந்து ஹாஸ்டலுக்கு 80 மீட்டர் தூரத்தை கேட் 6 செம்புக் கேபிளில் இழுத்திருப்பதையும் சொல்ல வேண்டும். 100 மீட்டர் வரம்புக்குள்தான் இருக்கிறது, வேகத்திலும் குறையில்லை. ஆனால் அக்டோபர், நவம்பர் இடியில் இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே அளவில் நிற்காது. வித்தியாசம் இந்தச் செம்பு வழியாகப் பாய்ந்து இரு முனை ஸ்விட்சையும் சேர்த்துக் கொல்லும். பாறை மண்ணில் எர்த் பிட் சரியாக அமைவதே கஷ்டம். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான், கண்ணாடியில் மின்சாரம் போகாது. இரும்புக் கம்பி கோத்த ரகம் வேண்டாம், கம்பியில்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். குரங்கு தொங்குகிற இடமென்றால் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்புக்குள் விடுங்கள்.

புகார் சேவை சராசரி. வேலை நாளில் மறுநாள் ஆள் வருகிறார், மேட்டுப்பாளையத்திலிருந்து. உதிரிப் பாயிண்ட் இரண்டு, மீடியா கன்வெர்ட்டர் ஒன்று, பேட்ச் கார்டு ஒரு கட்டு கல்லூரியிலேயே வைத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். அலமாரிச் சாவி ஒன்றுதான் உள்ளது, அது லேப் அசிஸ்டெண்டிடம். சனிக்கிழமை மத்தியானம் அவர் சாவியோடு ஊருக்குப் போய்விட்டால் திங்கட்கிழமை காலை வரை ஹாஸ்டலில் போனதெல்லாம் போனதுதான். இன்னொரு சாவி வெட்டி வார்டனிடம் கொடுக்க வேண்டும்.